எங்கள் சாஃப்ட்வேரில் முக்கால்வாசி எங்களுடையது இல்லை

கோவையில் ஏழு பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. திருப்பூரில் துணியை சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் பிரிண்டிங்குக்கும் அனுப்பி வாங்கும் பனியன் யூனிட்டுகளுக்கு ஸ்டாக்கும் பில்லும் பார்க்கும் சாஃப்ட்வேர் செய்கிறோம். எந்தப் பார்ட்டிக்கு எத்தனை ரோல் போனது, எத்தனை கிலோ திரும்பி வந்தது, நடுவில் எவ்வளவு கழிவு என்ற கணக்குதான் அதன் உயிர்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு பெரிய கம்பெனி எங்களைத் தேடி வந்தது. எங்கள் சாஃப்ட்வேரை அவர்கள் பெயரில், அவர்கள் ஆட்களை வைத்து லூதியானாவிலும் வங்கதேசத்திலும் விற்க விரும்பினார்கள். விலை பேசி முடித்தாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அப்போது அவர்களுடைய வக்கீல் அம்மா போனில் கேட்டார்: "இதுல நீங்க எழுதாத கோட் எவ்வளவு இருக்குங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பத்து வருடமாக "எங்க சாஃப்ட்வேர்" என்று சொல்லி விற்றிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒருநாளும் மனதில் வந்ததில்லை.

அவர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். லைப்ரரியின் (வேறு யாரோ எழுதி, நாம் நம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பின்) பெயர், வெர்ஷன், என்ன லைசென்ஸ், நாங்கள் அதை மாற்றினோமா, வாடிக்கையாளர் கைக்கு அது எப்படிப் போகிறது என்று ஐந்து கட்டங்கள். ஒரு வாரம் போதும் என்று நினைத்தேன். பதினோரு வாரம் ஆனது. எங்களைப் போல ஐந்து பேர், பத்து பேர் சேர்ந்து மென்பொருள் விற்கும் பலரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் பட்டியல். எங்கள் ப்ராஜெக்ட் ஜாவாவில் எழுதியது. லைப்ரரிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் மேவன் என்ற கருவியின் ஃபைலில் நாங்களே பெயர் எழுதிச் சேர்த்த லைப்ரரிகள் 31. ஆனால் மேவனின் டிபென்டன்சி ட்ரீயை (எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற பட்டியலை) எடுத்துப் பார்த்தபோது 140-க்கு மேல் வந்தது. நாங்கள் கூப்பிட்ட ஒவ்வொன்றும் தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. திரைக்குப் பின்னால் இருந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் தனி. எங்கள் டீமில் உள்ள பிரியா (பெயரை மாற்றியிருக்கிறேன்) மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றின் லைசென்ஸ் ஃபைலையும் திறந்து படித்து எழுதினார். ஸ்கேன்கோட், ஃபாஸாலஜி மாதிரி இலவசக் கருவிகள் இந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். ஆனாலும் முதல் தடவை கையால் செய்தது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது.

பட்டியலில் பெரும்பகுதி எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 என்ற லைசென்ஸ்கள். இவை தாராளமானவை. காசு வாங்கி விற்கலாம், நம் கோடை (நாம் எழுதிய நிரலை) யாருக்கும் காட்டாமல் மூடி வைக்கலாம். எழுதியவரின் காப்புரிமை (காப்பிரைட்) வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே கொடுக்க வேண்டும், அப்பாச்சியில் நோட்டீஸ் ஃபைல் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். இதைக்கூட நாங்கள் செய்யவில்லை. ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கும் கருவி, மேலே இருந்த பெயரும் வருடமும் உள்ள கமெண்டையும் சேர்த்து வெட்டிப் போட்டிருந்தது. சரிசெய்ய இரண்டு நாள்தான் ஆனது. எல்லா வாசகத்தையும் ஒரே ஃபைலில் சேர்த்து, 'எங்களைப் பற்றி' திரையில் 'உரிமங்கள்' என்று ஒரு பட்டன் வைத்தோம்.

சிக்கல் என்று சிவப்பில் வந்தவை ஐந்து வரிகள். அவற்றில் எங்களை அதிகம் படுத்தியது பிடிஎஃப்.

பில், டெலிவரி சலான் எல்லாம் பிடிஎஃப் ஆகத்தான் அச்சாகும். அதற்கு ஐடெக்ஸ்ட் லைப்ரரியைப் பயன்படுத்தினோம். ஆரம்பத்தில் நான் சேர்த்தது பழைய 2.1.7 வெர்ஷன். அது எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற இரண்டு உரிமங்களில் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லாதது. நாலு வருடத்துக்கு முன் ஒரு தம்பி பில்லின் வடிவத்தை மாற்றும்போது இணையத்தில் கிடைத்த உதாரணம் 5-ஆம் வெர்ஷனுக்கு எழுதப்பட்டிருந்தது. அதனால் லைப்ரரியையும் 5-க்கு ஏற்றிவிட்டார். பழையதில் பேக்கேஜ் பெயர் 'லோவாகி' என்று, முதலில் எழுதிய ப்ரூனோ லோவாகியின் பெயரில் இருக்கும்; புதியதில் 'ஐடெக்ஸ்ட்பிடிஎஃப்'. கோடில் மாறியது, லைப்ரரியைக் கூப்பிடும் இறக்குமதி வரிகளில் அந்த ஒரு சொல்தான். நான் ரிவ்யூ செய்து ஓகே சொன்னேன்.

ஆனால் 2009 கடைசியில் வந்த 5-ஆம் வெர்ஷனிலிருந்து ஐடெக்ஸ்ட் ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறிவிட்டது. ஏஜிபிஎல்லை ஏற்றுக்கொண்டு நம் மென்பொருளின் மொத்த சோர்ஸ் கோடையும் (நாம் எழுதிய மூல நிரலையும்) அதே உரிமத்தில் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும், அல்லது பெல்ஜியத்தில் தொடங்கிய ஐடெக்ஸ்ட் கம்பெனியிடம் பணம் கட்டி வணிக லைசென்ஸ் வாங்க வேண்டும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவர்கள் தளத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

ஏஜிபிஎல், எல்ஜிபிஎல் எல்லாம் ஜிபிஎல் என்ற உரிமத்தின் குடும்பம்; இந்தக் குடும்பத்தைப் பற்றி நம் ஆட்களிடம் நிறையத் தவறான எண்ணம் உண்டு. ஜிபிஎல் கோடை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு விலைக்கும் விற்கலாம். ஆனால் யாருக்கு மென்பொருளைக் கொடுக்கிறோமோ அவருக்கு சோர்ஸ் கோடைக் கேட்டு வாங்கவும், மாற்றவும், இன்னொருவருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. உங்கள் ஆபீசுக்குள்ளேயே பயன்படுத்தினால், வெளியே யாருக்கும் கொடுக்காவிட்டால், இந்தக் கடமை எழுவதே இல்லை. சர்வரில் வைத்து இணையம் வழியாகச் சேவை கொடுத்தால் சாதாரண ஜிபிஎல்லில் அதைக் 'கொடுத்தல்' என்று கணக்கில் எடுப்பதில்லை. அந்த இடைவெளியை அடைப்பதற்காகத்தான் 2007-இல் ஏஜிபிஎல் 3 வந்தது: மாற்றிய நிரலை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் சோர்ஸ் கோடைத் தர வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த நுணுக்கம்கூடத் தேவையில்லை. வாடிக்கையாளர் இடத்துக்கே போய் அவர் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுத்திருக்கிறோம். நேரடியாகக் கொடுத்த கணக்குதான் அது.

என் பார்ட்னர் கேட்டார்: "பெல்ஜியத்துல இருக்கிறவன் திருப்பூருக்கு வந்து கேஸ் போடுவானாங்க?" நிறைய பேர் கேட்கும் கேள்விதான். அன்று ராத்திரி உட்கார்ந்து பழைய வழக்குகளைப் படித்தேன். ரயில் பொம்மைகளை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் (சோர்ஸ் கோடை எல்லோருக்கும் திறந்து வைத்த) மென்பொருளை எழுதிய ராபர்ட் ஜேக்கப்சனின் வழக்கில், லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் அது காப்புரிமை மீறலே என்று 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆர்டிஃபெக்ஸ், ஜிபிஎல் நிபந்தனையை மீறியதாக தென்கொரியாவின் ஹான்காம் நிறுவனம் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அதைத் தள்ளுபடி செய்ய 2017-இல் நீதிமன்றம் மறுத்தது. அதுவும் பிடிஎஃப் விவகாரம்தான். பிரான்சில் ஆந்த்ருவேர் என்ற சின்ன நிறுவனம் தன்னுடைய ஜிபிஎல் லைப்ரரிக்காக ஆரஞ்ச் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தோடு பல வருடம் வழக்காடி, 2024 பிப்ரவரியில் 5 லட்சம் யூரோ இழப்பீடும், தார்மீகச் சேதத்துக்கு 1.5 லட்சம் யூரோவும் பெற்றது.

இதையெல்லாம் பார்ட்னரிடம் சொன்னேன். ஆனால் அவரை மாற்றியது வழக்குகள் இல்லை. நான் கேட்டது இதுதான்: நம் சாஃப்ட்வேரை ஒருத்தர் காசு கொடுக்காமல் காப்பி எடுத்துப் போட்டபோது நீங்கள் எப்படிக் கொதித்தீர்கள்? லைசென்ஸ் என்பது எழுதியவர் நம் கையில் தரும் அனுமதிச் சீட்டு. சீட்டில் உள்ளபடி நடக்கும்வரைதான் அனுமதி. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மாத்திடலாம்" என்றார்.

வணிக லைசென்ஸ் விலையை விசாரித்தோம். கேட்டது நியாயமான தொகைதான், எங்கள் அளவுக்குத்தான் கட்டுப்படியாகவில்லை. எனவே ஓப்பன்பிடிஎஃப் என்ற லைப்ரரிக்கு மாறினோம். அது ஐடெக்ஸ்டின் பழைய 4-ஆம் வெர்ஷனிலிருந்து கிளைத்தது. எல்ஜிபிஎல், எம்பிஎல் உரிமங்கள் அப்படியே தொடர்கின்றன.

மாற்றி முடித்து முதல் பில்லை அச்சடித்தபோது பார்ட்டியின் ஊர் 'கோவை' என்பதில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நின்றது. ஐகாரமும் அப்படியே, 'வ'வுக்கு முன்னால் வர வேண்டியது பின்னால் கிடந்தது. கொம்பும் ஒற்றும் ஒழுங்காக உட்கார வேண்டுமானால் எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கும் வேலையை யாராவது செய்ய வேண்டும். ஓப்பன்பிடிஎஃபில் அதற்கு ஜாவாவின் சொந்த எழுத்துக்கோப்பு வசதியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதை இயக்கிவிட்டு, ஃபான்டைச் சரியாக ஏற்றினால்தான் தமிழ் தமிழாக வந்தது. இந்த ஒன்றுக்கே பிரியாவுக்கு ஒன்பது நாள் போனது. லைப்ரரியை மாற்றுவது ஒரு வரி வேலை என்று யாராவது சொன்னால், தமிழில் ஒரு பில் அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபான்ட் என்றதும் இரண்டாவது சிவப்பு வரி. மைக்ரோசாஃப்டின் லதா ஃபான்டை எடுத்து எங்கள் இன்ஸ்டாலரில் போட்டிருந்தோம். வாடிக்கையாளரின் கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துவது வேறு, நாமே காப்பி எடுத்து விநியோகிப்பது வேறு. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபான்ட், ஓஎஃப்எல் என்ற ஃபான்ட் உரிமத்தில் கிடைக்கிறது. மென்பொருளோடு சேர்த்துத் தரலாம், பிடிஎஃபில் பதிக்கலாம், ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. அதற்கு மாறினோம்.

மூன்றாவது, டேட்டாபேஸ் இணைப்பு. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை மென்பொருளோடு இணைக்கும் கனெக்டர் ஜிபிஎல்லில் வருவது. மூடிய கோடுள்ள மென்பொருளோடு சேர்த்து விநியோகித்தால் சிக்கல். அதே வேலையைச் செய்யும், எல்ஜிபிஎல்லில் உள்ள மரியாடிபி கனெக்டரைப் போட்டு ஒரு வாரம் சோதித்தோம். பெரிய தொந்தரவு இல்லை.

எல்ஜிபிஎல் என்றால் முழுக்கக் கவலையில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் விரும்பினால் அந்த லைப்ரரியை மட்டும் கழற்றி வேறு வெர்ஷனை மாட்ட முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நாங்களோ எல்லா ஜார்களையும் (ஜாவா லைப்ரரிக் கோப்புகளையும்) ஒன்றாகக் கலந்து, யாரும் படிக்க முடியாதபடி உள்ளே இருக்கும் பெயர்களைக் குழப்பி, ஒரே பெரிய ஜாராகக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இப்போது எல்ஜிபிஎல் ஜார்கள் தனி ஃபோல்டரில் தொடாமல் போகின்றன. எங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் 'எந்த வகையிலும் ரிவர்ஸ் இன்ஜினியரிங் கூடாது', அதாவது மென்பொருளைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, என்று ஒரு வரி இருந்தது. லைப்ரரியில் செய்யும் மாற்றத்தைச் சோதிக்க வாடிக்கையாளருக்கு அதை அனுமதிக்க வேண்டும் என்கிறது எல்ஜிபிஎல். வக்கீல் அம்மாதான் இதைப் பிடித்தார். ஒப்பந்தத்தில் விதிவிலக்கு எழுதினோம். லைசென்ஸைப் படித்தால் போதாது, நம் சொந்த ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்காவது வரி, தொகையைத் தமிழில் எழுத்தால் எழுதும் சின்னக் கோப்பு. கேட்க எளிதாகத் தோன்றும். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம், 9000 மட்டும் ஒன்பதாயிரம். தனியாக வந்தால் லட்சம், பின்னால் ஏதாவது வந்தால் லட்சத்து. இதையெல்லாம் அழகாகச் செய்திருந்த ஒரு கோடை, நிரல் எழுதுகிறவர்கள் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் பார்த்து அப்படியே எடுத்திருந்தோம். அதில் லைசென்ஸ் ஃபைலே இல்லை. 'லைசென்ஸ் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்' என்பதுதான் எங்கள் ஆபீசில் எல்லோருடைய எண்ணமும். உண்மை நேர் எதிர். எதுவும் சொல்லாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. பொதுவில் வைத்திருப்பதால் கிட்ஹப்பில் பார்க்கலாம், அங்கேயே ஃபோர்க் செய்யலாம் (நம் கணக்கில் ஒரு பிரதி எடுக்கலாம்), அவ்வளவுதான்.

நானே அவருக்கு மெயில் எழுதினேன். "உங்கள் கோடை மூன்று வருடமாக எங்கள் வாடிக்கையாளர்களின் பில்லில் பயன்படுத்தி வருகிறோம். கேட்காமல் செய்தது தவறு. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், மறுத்தால் உடனே எடுத்துவிடுகிறோம்." இரண்டாம் நாள் பதில் வந்தது. "அண்ணா, காலேஜ் ப்ராஜெக்டுக்காகப் போட்டதுங்க. லைசென்ஸ் ஃபைல் வைக்கணும்னே எனக்குத் தெரியாது. எம்ஐடி போட்டா போதுமாங்க?" போதும் என்றேன். அன்று மாலையே போட்டுவிட்டார். உங்களிடமும் இப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தங்கள் கோடு யாருக்கோ பயன்படுகிறது என்று கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள்தான்.

நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருந்து எடுத்த துண்டுகளும் கிடைத்தன. அங்கே வரும் பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் உள்ளவை: பெயர் சொல்ல வேண்டும், அதை மாற்றி எழுதிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். இரண்டு, மூன்று வரி என்றால் நான் பயப்பட மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் நாற்பது வரி முழுசாக இருந்தது. கருத்தைப் புரிந்துகொண்டு நாங்களே புதிதாக எழுதினோம்.

ஐந்தாவது வரியை யாரும் எதிர்பார்க்கவில்லை, ஏனென்றால் அது ஓப்பன் சோர்ஸே இல்லை. பார்கோடு பகுதியை ஆறு வருடத்துக்கு முன் வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்தார். பேசிய பணத்தைக் கொடுத்தோம், வாட்ஸ்அப்பில் "நன்றி தம்பி" என்று சொன்னேன், முடிந்தது. காகிதம் எதுவும் இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்குச் சொந்தம். தனியாகச் செய்து கொடுப்பவர் விஷயம் அப்படி இல்லை. அவர் எழுத்தில், கையெழுத்திட்டு உரிமையை மாற்றித் தர வேண்டும். அதிலும் எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். எங்கள் மென்பொருள் வங்கதேசத்துக்குப் போகப்போகிறது! தம்பியைத் தேடிப் பிடித்தேன், இப்போது சென்னையில் இருக்கிறார். நல்ல மனுஷன், காபி குடித்துக்கொண்டே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இதற்கென்று ஒரு தொகை கொடுத்தேன், வேண்டாம் என்றுதான் சொன்னார். வெளியாளிடம் வேலை கொடுக்கும்போது முதல் தவணைப் பணத்தோடு இந்தக் காகிதத்தையும் வாங்கிவிடுங்கள். காலம், இடம் இரண்டையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே 84 இடங்களில் ஓடிக்கொண்டிருந்த பழைய வெர்ஷன்களை என்ன செய்வது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. ஏஜிபிஎல் 3, ஜிபிஎல் 3 இரண்டிலுமே மீறியவருக்குத் திரும்பிவர வழி வைத்திருக்கிறார்கள். மீறலை முழுசாக நிறுத்தி, அதற்குப் பின் 60 நாளுக்குள் உரிமையாளர் நோட்டீஸ் தராவிட்டால் உரிமை நிரந்தரமாகத் திரும்பும். முதல் தடவையாக நோட்டீஸ் வந்தால், 30 நாளுக்குள் சரிசெய்தாலும் திரும்பும். ஜிபிஎல் 2-இல் இந்த வழி கிடையாது, மீறினால் உரிமை தானாகவே போய்விடும். நாங்கள் பழைய இன்ஸ்டாலரை எல்லா இடத்திலும் நீக்கி, 84 பேருக்கும் நேரில் போய்ப் புதியதைப் போட்டுக் கொடுத்தோம். காசு வாங்கவில்லை. பதினோரு வாரத்தில் நாலு வாரம் இதற்கே போனது.

இப்போது ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக எதைச் சேர்த்தாலும், வெர்ஷனை ஏற்றினாலும், அந்த கமிட்டிலேயே (மாற்றத்தைப் பதியும் குறிப்பிலேயே) லைசென்ஸ் பெயரை எழுத வேண்டும். வெர்ஷன் ஏற்றும்போதும் கேட்கிறோம், ஏனென்றால் எங்களைக் கவிழ்த்ததே அதுதான். பலரும் பயன்படுத்தும் மென்பொருள்களான எலாஸ்டிக்சர்ச் 2021-இலும், டெராஃபார்ம் 2023 ஆகஸ்டிலும், ரெடிஸ் 2024 மார்ச்சிலும் தங்கள் உரிமத்தை மாற்றின. போன வருடம் சரியாக இருந்த அதே பெயர், இந்த வருடம் வேறு நிபந்தனையோடு வரலாம். ஜிபிஎல், ஏஜிபிஎல் வந்தால் பில்ட் (மென்பொருளைக் கட்டும் வேலை) தானாக நின்றுவிடும். நானோ பார்ட்னரோ பார்த்துச் சொன்ன பிறகுதான் மேலே போகும். ஏஐ உதவியோடு எழுதும் கோடுக்கு, பொதுக் கோடோடு ஒத்துப்போகும் பரிந்துரைகளைத் தடுக்கும் அமைப்பை, நாங்கள் பயன்படுத்தும் கோபைலட் என்ற ஏஐ கருவியில் இயக்கி வைத்திருக்கிறோம். நீளமாக ஏதாவது வந்தால் எங்கேயாவது அப்படியே இருக்கிறதா என்று தேடியும் பார்க்கிறோம். இத்தனைக்கும் மேல், பணம் கைமாறும் ஒப்பந்தம் என்றால் இந்தத் துறை தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள். எனக்குத் தெரிந்தது என் பதினோரு வாரம் மட்டும்தான்.

ஒப்பந்தம் ஐப்பசியில் கையெழுத்தானது. எங்கள் லைப்ரரிப் பட்டியல் கடைசி இணைப்பாகப் பதினான்கு பக்கம். தொகையை எழுத்தில் எழுதும் அந்தக் கோடில் ஒரு கோடிக்கு மேல் போனால் 'கோடியே' என்று வர வேண்டிய இடத்தில் பிழை இருந்ததை லூதியானா சோதனையில் பார்த்தோம். திருத்தி, அந்தக் கோடை எழுதிய காலேஜ் தம்பிக்கே அனுப்பினார் பிரியா. ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் ஃபைலில் இப்போது அவர் பெயருக்குக் கீழே பிரியாவின் பெயரும் இருக்கிறது.